வெள்ளிக்கிழமையில் படகு இறங்காது

நல்ல வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று என்னிடம் கேட்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் முதலில் ஒரு கேள்வி. போன மாதம் உங்களில் யாராவது, கூப்பிடாத ஓர் இடத்துக்கு ஒரு யோசனையோடு போனீர்களா? போயிருக்கமாட்டீர்கள், தெரியும். மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது ஒரு ஃபைலை அனுப்பி "நாளைக்குக் காலையில வேணும்" என்று சொல்லும்வரை காத்திருப்பீர்கள். வந்ததும் கேட்ட விலைக்குச் செய்து கொடுப்பீர்கள். பிறகு, நல்ல வாடிக்கையாளர்களே இல்லை என்று வட்ஸ்அப் குழுவில் புலம்புவீர்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறீர்கள்.

மொழிபெயர்ப்பையும் எழுத்து வேலையையும் விட்டுவிட்டு, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து இருப்பவள் நான். அலுவலகம் இல்லை, மேலதிகாரி இல்லை, மாதச் சம்பளம் இல்லை. இப்போது நீங்கள் ஃப்ரீலான்ஸ் என்று சொல்வதை, அந்தப் பெயர் தெரியாத காலத்திலேயே கரைத்தீவில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து செய்தவள். சொல்லப்போகிற கதையைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் எங்களுடையது. புத்தளத்து அகதி முகாமில் இருந்தபோது நிவாரண அலுவலகங்களுக்குத் தமிழும் சிங்களமும் இங்கிலீசும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். போர் முடிந்த பிறகு அந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. எனக்கு மிஞ்சியது பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வெளிநாடு போகிற பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ். ஒரே வசனத்தைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

என் நானாவுக்கு, மூத்த அண்ணனுக்கு, புத்தளம் டவுனில் போட்டோக்கொப்பிக் கடை. "எதுக்குத் தனியக் கிடந்து மாயிற? கடையில உனக்கு ஒரு மேசை போட்டுத் தாறன். வாறவங்கட கடிதத்தை எழுதிக் குடு, மாசம் முடிய சம்பளம் எடு" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த மேசையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க ஆட்கள் வருகிற பருவம் முடியும்வரை தவணை கேட்டேன். அதற்குள் நானாகத் தேடிப் பிடித்த ஒரு நல்ல வாடிக்கையாளராவது கிடைக்காவிட்டால், அறையைப் பூட்டிவிட்டுக் கடைக்கு வருவதாக வாக்குக் கொடுத்தேன்.

அப்போது கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. எல்லா ஹோட்டலுக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். என் அனுபவம், என் மூன்று மொழி, என் நேர்மை, என் நேரந்தவறாமை எல்லாம் அதில் இருந்தன. அந்த ஹோட்டலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. உங்களில் பலர் இன்றைக்கும் அனுப்புவது அதே கடிதம்தான், தேதி மட்டும் வேறு. ஒரே ஒரு ஹோட்டல் பதில் போட்டது. குளிக்கும் துவாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஓர் அறிவித்தல், அதை மூன்று மொழியில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் சிலாபத்தில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலைக்குப் போனேன். அவர்களுடைய போத்தலில் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. நான் அழகான தமிழ் லேபல் ஒன்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். ஆலைக்காரர் பிளேன்டீ தந்து, சந்தோசமாகக் கதைத்து, லேபலைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வழியனுப்பிவைத்தார். கொஞ்ச நாளில் கடையில் பார்க்கிறேன், போத்தலில் என் வசனம் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணெயை இன்றுவரை நான் வாங்குவதில்லை. யோசனை சொன்னால் திருடிவிடுவார்களே என்று நீங்கள் பயப்படுவது சரிதான், திருடுவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து ஆத்திரம் அடங்கிய பிறகு யோசித்தேன். ஒரு ஃபோன் படத்தில் அடங்கிவிடுகிற பொருளை அல்லவா நான் கொண்டுபோயிருக்கிறேன்! அடுத்த முறை, நான் இல்லாமல் செய்ய முடியாத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

துவாய் அறிவித்தலைக் கொடுக்க அந்த ஹோட்டலுக்குப் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முன்மேசையில் பெரிய சத்தம். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், டொல்பின் பார்க்க என்றே விடியற்காலையில் எழும்பி வெளிக்கிட்டு நிற்கிறது. படகு இல்லை. முன்மேசையைப் பார்க்கிற சஞ்சீவ, குருநாகல் பக்கத்துச் சிங்களப் பொடியன், "கடல் சரியில்லை மெடம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கிறது.

"இதுவா சரியில்லாத கடல்? எங்கள என்ன, கடலே பாக்காத ஆக்கள்னு நினைச்சீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். சஞ்சீவ தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் போன பிறகு அவனிடம் கேட்டேன். "ஒவ்வொரு வெள்ளியும் இதுதான் மிஸ்" என்றான். "நம்ம போட் எல்லாம் ஒரே துறை. முஸ்லிம் ஆக்கள். வெள்ளிக்கிழமை இறங்கமாட்டாங்க. பொஸ்ஸுக்கு போட் பிரச்சினைன்னு மட்டும் சொல்லியிருக்கு. பள்ளி, தொழுகைன்னு நான் வாய் திறந்தா, சிங்களவன் முஸ்லிம் ஆக்களைக் குறை சொல்றான்னு அது வேற கதையாப் போயிடும். அதனால கடல் மேல பழியைப் போடுறேன்."

வெளியூர்ப் பிள்ளை, பயந்தது நியாயம். அன்றைக்குத் துவாய் அறிவித்தலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், நேரே துறைக்குப் போனேன்.

அந்தத் துறையில் படகுகளுக்குச் சொந்தக்காரர் ஹனீபா. ஊரே அவரைச் சம்மாட்டியார் என்றுதான் கூப்பிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை காத்திருந்து, அவர் வலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம் பிடித்தேன். டொல்பின் பயணம் காலையில் போய் மதியத்துக்கு முன் திரும்பிவிடுமே, தொழுகைக்கு நேரம் இருக்கிறதே என்று கேட்டேன்.

"நேரம் இரிக்கி மகள், ஆர் இல்லையெண்ட?" என்றார். "கடல்ல ஒரு போட்டுட எஞ்சின் நிண்டுபோச்செண்டு வை. துறையில இரிக்கிற அத்தன போட்டும் தேடிப் போகணும். அது எங்கட துறைக் கட்டுப்பாடு. அப்ப ஜும்ஆவுக்கு ஆர் போற? ஒருத்தன் இறங்கினா எல்லாரும் இறங்கின மாதிரித்தான். அதனால ஒருத்தரும் இறங்கிறல்ல."

அடுத்த துறையில் சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்கள் பருவத்துக்கு வந்து, வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டு இருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் அந்தோனி. அவர்கள் ஞாயிறு இறங்கமாட்டார்கள், வெள்ளி இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை ஹோட்டல் ஆட்களை ஏற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஏத்தலாம் அக்கா. ஆனா அது சம்மாட்டியார் ஏத்துற ஆக்கள். அவர் வாயால ஓம் எண்டு சொன்னாத்தான் நாங்க தொடுவம். அவர் தொழப் போன நேரம் பாத்து அவர்ட பொழைப்பில கை வச்சம் எண்டு பேர் வரக்கூடாது" என்றார் அந்தோனி.

திரும்பவும் சம்மாட்டியாரிடம் போனேன். அவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு, "வெள்ளிக்கு அவங்க ஏத்தட்டும். ஞாயித்துக்கிழமையில அவங்கட ஆக்களை நாங்க ஏத்துறம். நானே போய் அந்தோனிக்கிட்டக் கதைக்கிறன்" என்றார். இரண்டு துறைக்கும் நடுவில் நடந்து நடந்து என் செருப்பு வார் அறுந்தது. ஆனால் இந்தச் சம்மதத்தை யாராலும் ஃபோனில் படம் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு பக்கம் எழுதினேன். வாரத்தில் என்றைக்கு யாருடைய படகு, ஏன் அப்படி என்று விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும். என்னைப் பற்றி அதில் ஒரு வசனமும் எழுதவில்லை. ஹோட்டல் முதலாளி சனிக்கிழமைகளில்தான் கொழும்பிலிருந்து வருவார். சஞ்சீவ நேரம் எடுத்துத் தந்தான்.

முதலாளி கொழும்புத் தமிழர், கையில் எப்போதும் ஃபோன். மேசையில் கொழும்புக் கம்பனி ஒன்று அனுப்பிய பளபளப்பான விளம்பர மாதிரி கிடந்தது. என் பக்கத்தை நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். "இப்படி ஒரு விசயம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். விருந்தாளிக்குப் போகிற எல்லா எழுத்தையும், இணையப்பக்கம், மெனு, அறிவித்தல், கடிதம் அனைத்தையும் நானே பார்த்துக்கொள்ளலாமா என்று அவராகவே கேட்டார்.

பிறகு அவர் சொன்னார்: "நத்தாரில இருந்து தொடங்குவம். ரூம் எல்லாம் ஃபுல். எல்லா நாளும் போட் கட்டாயம் உண்டுன்னு பெரிசாப் போடுங்க."

சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அந்த வருடம் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், வெள்ளிக்கிழமையில் வந்தது. சம்மாட்டியாரின் படகுகள் இறங்காது. அந்தோனியின் ஆட்கள் நத்தாருக்கு வாடியைப் பூட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போய்விடுவார்கள், நத்தார் கழிந்து இரண்டு நாளில்தான் திரும்புவார்கள். நான் கொண்டுபோன அருமையான யோசனை, ஹோட்டலுக்கு மிகவும் தேவையான ஒரே நாளில் ஓட்டையாக இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டால் அன்றைக்கே வேலை என் கையில்.

சொன்னேன்.

"ஒரு நாள்தானே மெடம்" என்றார் அவர். "இப்ப போடுங்க. அன்னைக்குக் காலையில காத்து கூடுதலா இருக்குன்னு சொல்லிக்கலாம்."

"நான் அதை எழுதமாட்டன் சேர்."

"அப்ப எதுக்கு வந்தீங்க? வேலைக்கா, எனக்குப் பாடம் நடத்தவா?"

எனக்கும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, சொற்கள் மட்டும் தெளிவாக வரும், அது அல்லாஹ் தந்த கொடை. "வேலைக்குத்தான் சேர் வந்தனான். நீங்க சனிக்கிழமையிலதானே வாறீங்க? இந்த ஹோட்டல்ட ஒரு வெள்ளிக்கிழமையை நீங்க கண்டதில்ல. ஆக்கள் கீழ நிண்டு கத்துறாங்க. இந்தப் பிள்ளை பொய் சொல்லிக்கொண்டு நிக்கிது. நத்தாரண்டைக்கு ஹோட்டல் முழுக்க ஆக்கள் நிண்டு கத்தினா, காத்து கூடவெண்டு ஆர் வந்து சொல்றது? நீங்களா, நானா?"

சஞ்சீவ கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி என் பக்கத்தை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். நானாவின் கடையும் அந்த மேசையும் என் கண்முன் வந்தன. எழும்பி சலாம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மானத்தோடு தோற்பது சுலபம், உங்களில் பலருக்கு அது பிடித்தும் இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

"சேர், உங்கட கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்க. நத்தாருக்குப் பதிஞ்ச எல்லாருக்கும் இப்பவே உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுறன். ஆக்கள் கழண்டு போனாங்களெண்டா எனக்கு வேலை தர வேணாம். கொழும்புக் கம்பனிக்கே குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "எழுதுங்க, பாப்பம்" என்றார்.

முன்மேசையில் இருந்தே எழுதினேன். தமிழில் எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்:

"நத்தாரன்று எங்கள் கடலில் படகு இறங்காது. கடல் நன்றாகத்தான் இருக்கும். ஒரு துறையினர் அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள். மறு துறையினர் நத்தார் கொண்டாட வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே டொல்பின்களுக்கும் அன்று விடுமுறை. அவற்றைப் பார்க்க வியாழனையோ சனியையோ தெரிவுசெய்யுங்கள், படகை உங்கள் பெயரில் ஒதுக்கிவைப்போம். டொல்பின் வரும் என்று நாங்கள் சத்தியம் செய்யமாட்டோம். படகு வரும் என்று செய்வோம்."

சிங்களத்தில் சஞ்சீவ இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னான், நல்ல திருத்தங்கள். இங்கிலீசையும் முடித்து அனுப்பினோம்.

முதலில் வந்த பதில், நாங்கள் வரவில்லை என்று ஒரு குடும்பம் எழுதியது. சஞ்சீவ ஃபோனில் அதைச் சொன்னபோது நான் சோற்றுக்கு ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மற்ற மொழிபெயர்ப்பாளர்களைப் போலக் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், எதற்கு இந்த வாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் இன்னொரு குடும்பமும் விலகியது. நானா வேறு ஃபோன் எடுத்து, மேசை வந்து இறங்கிவிட்டது, எந்தப் பக்கம் போடட்டும், ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை.

பிறகு பதில்கள் வேறு மாதிரி வரத் தொடங்கின. ஒருவர் சனிக்கிழமை கேட்டார். ஒருவர் வியாழன் காலையில் படகு ஏற வேண்டும் என்பதற்காகப் புதன்கிழமையே வந்துவிடுகிறோம், ரூமை ஒரு நாள் முந்தித் தாருங்கள் என்றார். அதே மாதிரி இன்னும் சிலர். ஞாயிறுவரை தங்குகிறோம் என்றவர்களும் இருந்தார்கள். டொல்பின்களின் விடுமுறைக்கு வாழ்த்துச் சொல்லி ஓர் அம்மா எழுதியிருந்தார். விலகிய இரண்டு குடும்பத்தின் ரூம்களையும் காத்திருந்த வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள்.

நத்தாரன்று காலையில் போய்ப் பார்த்தேன். கடற்கரையில் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. பக்கத்து ஹோட்டல்களின் முன்மேசைகளில் வழக்கமான கூச்சல். எங்கள் ஹோட்டலில் விருந்தாளிகள் ஆறுதலாக, அவசரமில்லாமல் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹோட்டல் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன், பாருங்கள்! அப்போது இன்னும் எனக்கு வேலை தந்திருக்கவில்லை.

முதலாளி அந்த முறை சனிக்கிழமைவரை காத்திராமல் முதல் நாளே வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் ஹோட்டலின் வெள்ளிக்கிழமையைப் பார்த்தார். என்னை வெளியே கதிரையில் உட்காரச் சொல்லி, பக்கத்து ஹோட்டலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதுவம் மெடம்" என்றார். "எல்லாமே நீங்க பாருங்க."

தங்கச்சிமாரே, தம்பிமாரே, அந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் "தேங்க்யூ சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவீர்கள். நான் எழும்பவில்லை. "எழுதுறதுக்கு முந்தித் துறையில கேப்பன். அவங்க முடியாதெண்டா, நீங்க சொன்னாலும் நான் எழுதமாட்டன். அதுக்கு ஓம் எண்டா சரி" என்றேன்.

"அதுக்குத்தானே உங்களைக் கேக்கிறேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் நான் யாருக்கும் என்னைப் பற்றிக் கடிதம் அனுப்பியதில்லை. போகிற இடத்தில் முதலில் முன்மேசையடியில் நின்று பார்ப்பேன். அங்கே வேலை செய்கிறவர் எந்தக் கேள்விக்குத் தலையைக் குனிகிறார் என்று கவனிப்பேன். அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவேன். சில இடத்தில் விரட்டினார்கள், சில இடத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்ன எவரும் பிறகு என்னை விடவில்லை.

அந்த நத்தார் காலையில் ஹோட்டல் வாசலிலேயே நின்று நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, அந்த மேசைக்கு வேற ஆளைப் பாருங்க."

"ஏன், சம்பளம் காணாதா? கூட்டித் தாறன்."

"இல்ல நானா. எனக்கு வேலை கிடைச்சிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்! ஆர் தந்த?"

"ஒருத்தரும் தரல்ல நானா. இல்லாத வேலைய நானே போய் உண்டாக்கினன்."